சிவக்க வேண்டிய தண்ணீர்

சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் என் சகலை கண்ணாடிக் குப்பியை வைரம் பார்ப்பவன்போலத் தூக்கிப் பிடிக்கிறான். ஊரின் குடிநீர்த் திட்டத்துக்கு நானும்தான் வடிவமைப்பு கொடுத்தேன், எடுபட்டது அவனுடையது. குழாய் வந்து முடியும் கடைசி வீடு எங்களுடையது என்பதால் சோதனையும் இங்கேதான். கிருமி கொல்லும் குளோரின் இந்த வீடுவரை வந்து சேர்ந்திருந்தால், குப்பியில் போடும் சோதனை மாத்திரை கரைந்ததும் தண்ணீர் சிவக்கும். "சின்ன மாப்பிள்ளை கை வச்சா தப்பாது," என்கிறார் மாமியார், என்னைப் பார்க்காமலே. மாத்திரை நுரைத்து உடைகிறது. சிவக்காதே, சிவக்காதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்கிறேன். குப்பிக்குள் இளஞ்சிவப்பு புகைபோல விரிகிறது. என் மனைவிகூடக் கைதட்டுகிறாள். "இப்பக் குடிக்கலாமா, சித்தப்பா?" அதே குழாயில் பிடித்த டம்ளரோடு, இவ்வளவு நேரமும் என்னை உரசிக்கொண்டு நின்றிருக்கிறாள் என் மகள்.