நிலாவை இறக்கும் கட்டம்

கல்லூரி நாடகத்தில் திரைக்குப் பின்னால் வேலை செய்பவர்களுக்குப் பெனாசிர்தான் தலைவி. அவர்களுக்கான கறுப்புச் சட்டையைப் போட்ட எவரும் மேடை வெளிச்சத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். சைக்கிள் ரிம்மில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி அவர்கள் செய்த நிலா, மேடைக்கு மேலே கயிற்றில் தொங்கியது. கடைசிக் காட்சியில் அது இறங்கினால்தான் ராணி வேடம் போட்டவள், "நிலாவும் போய்விட்டது" என்று சொல்ல முடியும். அந்தக் கட்டம் வந்ததும் பெனாசிர் டார்ச்சை அடித்துச் சைகை காட்டினாள். நிலா அசையவில்லை. கயிற்றைப் பிடிக்கும் செலஸ்டினிடம் ஓடினாள்.

"இறக்குடா! என்ன வேடிக்கை பாக்குற?"

"அப்பவே விட்டுட்டேன்க்கா."

"மேல எங்கயாச்சும் மாட்டியிருக்கும். இழு."

"எதை இழுக்கிறது? ரெண்டு முனையும் இங்கதான் கிடக்கு."

அவன் காலடியில் கயிறு முழுதும் சுருண்டு கிடந்தது. மேடையில் ராணி, வசனத்தை மறந்து அண்ணாந்து நின்றாள். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை.

"லைட்டெல்லாம் அணைச்சிடுங்க" என்றாள் பெனாசிர்.

அணைத்தார்கள். மேடையில் வெளிச்சம் குறையவில்லை.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு அந்தக் கறுப்புச் சட்டையோடு எல்லோரும் பார்க்க நடந்து போய், ராணிக்குப் பக்கத்தில் அண்ணாந்து நின்றாள்.