வேட்பாளருக்கு ஏழு பாட்டன்

"அப்பா பேர் சாதிர். தாத்தா பேர் ஓமுர். தாத்தாவோட அப்பா பேர்?" என்று கேட்டாள் அய்ஜமால்.

"அவரும் யாராவது ஒருத்தராத்தான் இருந்திருக்கணும்" என்றார் கனிபெக்.

"விளையாடாதீங்க தலைவரே! அக்-தாஷ் ஊர்ல ஏழு தலைமுறைப் பேரும் கேப்பாங்க. தெரியலைன்னா குடிக்கத் தண்ணி கொடுப்பாங்க. ஓட்டுக் கொடுக்க மாட்டாங்க."

கனிபெக் பிஷ்கெக் நகரத்தில் சிமென்ட் வியாபாரி. ஏற்கெனவே இரண்டு தேர்தலில் நின்று தோற்றவர். போன முறை அவருக்கு விழுந்த ஓட்டுகளைவிட, விருந்தில் வெந்த ஆடுகள் அதிகம். அதனால்தான் இந்த முறை அய்ஜமாலை ஆலோசகராக வைத்துக்கொண்டார்.

அவள் முதலில் அவருடைய கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கினாள். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கவிழ்த்தாள். குதிரையில் ஏற்றிப் பார்த்தாள். குதிரை அவமானம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டது. அந்தத் திட்டத்தை மட்டும் கைவிட்டாள்.

"ஏம்மா, நான் நானாவே இருந்தா என்ன?"

"போன தடவை அப்படித்தானே நின்னீங்க?"

கனிபெக் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவள் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தார். மூன்றாவது தலைமுறை முதல் ஏழாவது வரை ஐந்து பெயர்கள்.

"யார் இவங்கல்லாம்?"

"இன்னையிலேர்ந்து உங்க பாட்டனுங்க. எங்கேருந்து பிடிச்சேன்னு கேக்காதீங்க. மனப்பாடம் பண்ணுங்க."

"பண்றேன். ஆனா நான் எதுக்கு இவ்வளவு பாடுபடறேன்னு உனக்குத் தெரியுமில்ல? ஜெயிச்சதும் நம்ம கல்யாணம். ஒரு எம்.பி. வந்து பொண்ணு கேட்டா எந்தப் பெரியவர் மாட்டேம்பார்?"

தினமும் காலையில் ஒரு பூங்கொத்து, மாலையில் இந்தக் கேள்வி. மூன்று மாதமாக இதே கதைதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்ததால், தேர்தல் முடியும்வரை அவளாலும் ஓட முடியாது.

"முதல்ல ஜெயிங்க. அப்புறம் எங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. அவங்க சரின்னா சரி" என்றாள்.

அக்-தாஷில் கூட்டம். அய்ஜமால் காரைவிட்டு இறங்கவே இல்லை. "பக்கத்துல ஆலோசகர் நின்னா, நீங்க சொந்தமாப் பேசறதா யாரும் நம்ப மாட்டாங்க" என்று கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ஊர்ப் பெரியவர் பெர்திபாய் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளை?"

கனிபெக் கண்ணை மூடிக்கொண்டார். "சாதிர். ஓமுர். தோலோகோன். கெரிம்பாய். போரோன்பாய். சாகின். எசென்."

மலைமேல் ஆடு மெல்லுவது கீழே கேட்டது.

பெரியவர் தடியை ஊன்றி எழுந்தார். "தோலோகோன் எங்க தாத்தாடா! அவரோட கடைசி மகன் ஓமுர், எங்க சித்தப்பா. அறுபது வருஷத்துக்கு முன்னாடி, காணாமப் போன குதிரையைத் தேடிப் போனவர் திரும்பவே இல்லை. நீ அவர் பேரனா?"

"ஆமாம்" என்றார் கனிபெக்.

பெரியவரின் கண்களில் தண்ணீர். "மகனே... அந்தக் குதிரை கிடைச்சுதா?"

இதற்குத் தாளில் பதில் இல்லை. கார் வேறு தூரத்தில் நின்றது. மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கனிபெக் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசினார்.

"இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

ஊரே எழுந்து அவரைக் கட்டிக்கொண்டது. தேர்தலன்று அக்-தாஷில் ஒரு ஓட்டுகூட எதிராளிக்கு விழவில்லை. எதிராளியின் மாமியார் வீடு அதே ஊரில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெற்றி விருந்து பெர்திபாயின் கம்பளிக் கூடாரத்தில் நடந்தது. புது எம்.பி.யின் சட்டையில் புதுப் பதவி வில்லை மின்னியது. புளித்த குதிரைப்பாலை மூன்று கிண்ணம் குடித்த தைரியத்தில், அய்ஜமாலைக் காரிலிருந்து கூட்டிவரச் சொன்னார்.

"ஊரே கேளுங்க! நான் கட்டிக்கப்போற பொண்ணு இவதான். அய்ஜமால், உங்க வீட்டுப் பெரியவர் எங்கே இருக்கார்? சொல்லு, இப்பவே கிளம்புறேன்."

"கிளம்ப வேண்டாம் தலைவரே. உங்க பக்கத்துலதான் எலும்பு கடிச்சுக்கிட்டு இருக்கார்."

பெர்திபாயின் கையிலிருந்து எலும்பு விழுந்தது. "இவளையா? இவ என் கடைசித் தம்பி மகடா! தோலோகோனோட கொள்ளுப்பேத்தி! நீ தோலோகோனோட கொள்ளுப்பேரன். ஏழு தலைமுறை தாண்டாம நம்மள்ல எவன் பொண்ணு கேட்டிருக்கான்? நீ எங்க பங்காளிதானே? இல்ல, அன்னிக்குச் சொன்ன பேரெல்லாம் பொய்யா?"

கூடாரத்தில் கத்தியும் கையுமாக இருந்த நாற்பது பேர் கறி நறுக்குவதை நிறுத்திவிட்டு எம்.பி.யைப் பார்த்தார்கள்.

பொய் என்றால் பதவி போகும். மெய் என்றால் பெண் போவாள். அடுத்து என்ன பேசுவது என்று, மூன்று மாதப் பழக்கத்தில், கனிபெக் தன் ஆலோசகரைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அவர் காதருகே குனிந்து, தன் கடைசி ஆலோசனையைச் சொன்னாள்:

"பங்காளின்னே சொல்லிடுங்க, அண்ணே!"