புதுக் கண்ணாடி

விளக்கை அணைத்த சிறிய அறையில், சொட்டு மருந்தால் விரிந்திருக்கும் தையற்காரியின் கண்ணுக்குள் டாக்டர் வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கிறார். வலக்கண்ணைச் சட்டென்று முடித்தவர் இடக்கண்ணை விட்டு நகரவில்லை. "மேலே பாருங்க. இப்ப மூக்கைப் பாருங்க." லென்ஸைத் துடைத்துக்கொண்டு மறுபடி அதே இடத்துக்கு வருகிறார். நேராகப் போட்ட தையல் வளைந்து தெரிகிறது, கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் அவள் வந்திருக்கிறாள். கதவிடுக்கில் கணவர் தலையை நீட்டி ஒரு ஃபிரேமைக் காட்டுகிறார். "இதைப் போட்டா ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரியே இருப்பே." அவள் மட்டும் சிரிக்கிறாள். டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறார். "முன்னாடி ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்காம்மா?" "கண்ணுலயா? இல்லையே டாக்டர்." "உடம்புல வேற எங்கயாவது?" "மார்புல கட்டின்னு ஒரு பக்கத்தை எடுத்தாங்க. அது எப்பவோ முடிஞ்ச கதை. சுத்தமா போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்களே. அதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" டாக்டர் எழுந்துபோய் விளக்கைப் போடுகிறார். கணவர் பக்கம் திரும்பி, "அந்த ஃபிரேம் இப்போதைக்கு வேண்டாம் சார்," என்கிறார். வெளிச்சம் தாங்காமல் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். கை மட்டும் கண்ணுக்குப் போகாமல், உள்ளாடையில் அவளே பஞ்சு வைத்துத் தைத்த இடத்துக்குப் போகிறது.