அருவியில் விழுகிறவள்

“ஐயோ, மறுபடியும் அருவியில விழுந்துட்டேங்க!”

தோஹாவிலிருந்து காலேப் சிரிப்பது ஹெட்போனில் கேட்டது. “ஆறு மாசமா அதே பாறையில வழுக்குற கிருபா. உயிர் தீர்ந்துடுச்சா? என்னோடதுல ஒண்ணு எடுத்துக்கோ.”

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. ரெண்டு பேர் சேர்ந்து சுட்டுக்கொண்டே ஓடும் அந்தப் பழைய வீடியோ கேமை அவன் அங்கிருந்தும், மனைவி கிருபா தாம்பரத்திலிருந்தும் ஆடுவார்கள். கடைசி எதிரியைச் சாய்த்த பிறகுதான் போனை வைப்பது என்று பேச்சு. ஒரு வாரமும் சாய்த்ததில்லை. மெஸ்ஸில் சாப்பாட்டு மணி அடித்ததும் அவன் மனசில்லாமல் எழுந்து போவான்.

இன்றும் அடித்துவிட்டது.

“நான் தாண்டிக் காட்டட்டுமா அண்ணி?” என்று காலேப்பின் தங்கை ஜெரூஷா உட்கார்ந்தாள். அவளும் அருவியில் விழுந்தாள்.

“குடு” என்று கன்ட்ரோலரை வாங்கிய கிருபா, ஒரு உயிர்கூடப் போகாமல் அருவியைத் தாண்டி, கோட்டையை உடைத்து, கடைசி எதிரியையும் சாய்த்தாள். இருபதே நிமிஷம்.

“அண்ணி! அப்போ அண்ணன்கூட ஆடும்போது மட்டும்...”

“முடிச்சிட்டா போனை வைக்கணுமே, ஜெரூ.”

“பாவம் அண்ணன். அதுக்கு இது தெரியவே தெரியாது.”

கிருபா திரையைப் பார்த்தபடி சொன்னாள். “போன வாரம் தப்பித்தவறி கடைசி எதிரி வரைக்கும் போயிட்டோம். இன்னும் ஒரே ஒரு குண்டு பட்டா அவன் காலி. உங்க அண்ணன் சுடறதை நிறுத்திட்டு, வேணும்னே அந்த எதிரியோட குண்டுக்கு முன்னாடி போய் நின்னாரு. நானும் பக்கத்துல போய் நின்னுக்கிட்டேன்.”