பின்வாசல் ஹாரன்

"பேசாம எங்ககிட்டக் கொடுத்துடுங்கம்மா. இந்த மந்தநிலையில மோட்டார் சைக்கிள் செஞ்சு சின்னக் கம்பெனி எதுவும் தாக்குப்பிடிக்க முடியாது" என்றார் மேலாளர்.

ஊர் முழுக்க வண்டி ஓடும் பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனியின் மேலாளர் அவர். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், ஒரே ஒரு ஷெட்டில் வண்டி செய்யும் குட்டிக் கம்பெனியின் முதலாளி. 'இன்னிக்குக் கையெழுத்தோடதான் வருவேன்' என்று சேர்மனிடம் மார்தட்டிவிட்டு வந்திருந்தார் மேலாளர். வெறுங்கையோடு திரும்பினால் அவருடைய நாற்காலியே ஆட்டம் கண்டுவிடும். பெரிய கம்பெனியிலும் ஆட்குறைப்பு நடந்துகொண்டுதான் இருந்தது.

"கொடுத்துட்டா இங்க வேலை செய்யறவங்க என்ன ஆவாங்க?"

"ஏதாவது கொடுத்து அனுப்பிடுவோம். எங்களுக்கு இடம்தான் வேணும். ஷெட்டை இடிச்சுட்டு கோடவுன் கட்டப் போறோம்."

"அவங்களை நான் அனுப்பறதா இல்லைங்க."

சொல்லிவிட்டு முதலாளியம்மா நிதானமாக டீயை உறிஞ்சினார். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பாக அப்பியிருந்தது. இது முதலாளியின் கையா, மெக்கானிக்கின் கையா என்று மேலாளருக்குச் சிரிப்பு வந்தது.

அந்த நேரம் பார்த்து, சுவருக்குப் பின்னாலிருந்து 'பாம்' என்று ஒரு ஹாரன் கேட்டது.

"என்னம்மா அது?"

"ஒரு வண்டி முடிஞ்சிடுச்சு. பின்வாசல் வழியா வெளியே போறதுக்கு முன்னாடி ஹாரன் அடிச்சுப் பார்ப்பாங்க."

எந்த ஏமாந்த சோணகிரியோ ஒரு வண்டி வாங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார் மேலாளர். "கடைத்தெருவைப் பார்த்தீங்களா? ஷோரூம்ல எல்லாம் ஈ ஓட்டறாங்க. இருக்கறதை வித்துட்டு நிம்மதியா இருங்க."

"உங்க கம்பெனி எப்படிச் சமாளிக்குது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிக்கனம்மா, சிக்கனம். சர்வீஸ் சென்டர், உதிரி பாகக் கடை, எல்லாத்தையும் இழுத்து மூடிட்டோம். எவ்வளவு செலவு மிச்சம் தெரியுமா? என்னோட யோசனைதான். பழைய வண்டி படுத்துடுச்சுன்னா, ஜனங்க புதுசு வாங்கித்தானே ஆகணும்?"

"வாங்கறாங்களா?"

"வாங்குவாங்க" என்றார் மேலாளர், கொஞ்சம் சுரத்தில்லாமல்.

'பாம்' என்று மறுபடியும் ஒரு ஹாரன். அது அடங்குவதற்குள் இன்னொன்று.

"நல்ல யோசனைங்க" என்றார் முதலாளியம்மா. கிண்டலாகத் தெரியவில்லை, மனசாரத்தான் சொன்னார். இந்த அம்மாள் எதற்கு இப்படிக் குளிர்ந்து போகிறாள் என்று மேலாளருக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சில் மனம் செல்லவில்லை. காது பின்பக்கமே போனது. ஒவ்வொரு ஹாரனையும் விரல்விட்டு எண்ணினார். தன் கம்பெனியில் வண்டிகள் தூசி படிந்து நிற்கின்றன, இங்கே மட்டும் எப்படி என்று வயிறு எரிந்தது.

"இவ்வளவு வண்டியை யாரும்மா எடுக்கறாங்க?"

"வண்டி ஓடினாத்தான் சோறுன்னு இருக்கறவங்க. பார்சல் கொண்டு போறவங்க, பேப்பர் போடறவங்க. வியாபாரம் டல்லுன்னு அவங்க வீட்டுல உட்கார முடியுமா?"

மறுபடியும் 'பாம்'. மேலாளர் புருவத்தைச் சுருக்கினார். எத்தனையோ வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம்.

"இருங்க, இருங்க. இது எங்க வண்டியோட ஹாரன் மாதிரியே இருக்கே. காப்பி அடிச்சிருக்கீங்களா? கோர்ட்டுக்கு இழுத்துடுவோம், தெரியும்ல?"

"காப்பி எல்லாம் இல்லைங்க. அசல்தான்."

"விளையாடாதீங்கம்மா. கடைசியாக் கேக்கறேன். கையெழுத்துப் போடறீங்களா, இல்லையா?"

முதலாளியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். குரல் உயரவில்லை.

"போட மாட்டேன். இந்த ஷெட்டோட ஒவ்வொரு தூணும் நானே வெல்டு அடிச்சு நிறுத்தினது. என் ஆளுங்க ஒருத்தரைக்கூட வீட்டுக்கு அனுப்பாம இதைக் கடந்து காட்டறேன். மந்தநிலை என்ன, நம்மளைக் கேட்டுக்கிட்டா வந்துச்சு? அது சொல்றதை மட்டும் நாம ஏன் கேக்கணும்?"

மேலாளருக்குச் சுர்ரென்று ஏறியது. காப்பி அடிப்பதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், இந்த அம்மாள் தானாக வழிக்கு வருவாள். விறுவிறுவென்று நடந்து, ஷெட்டுக்குள் போகும் கதவைத் தள்ளித் திறந்தார்.

உள்ளே ஆட்கள் அத்தனை பேரும் தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லேத்தில் ஏதோ பல்சக்கரம் கடைந்துகொண்டிருந்தார். பின்வாசலுக்கு வெளியே தெருமுனை வரைக்கும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எதுவும் புதுசில்லை. சேறு அப்பியது, சீட்டு கிழிந்தது, மட்கார்டு போனது, கயிறு கட்டி இழுத்து வந்தது.

யாரோ புது ஆள் குறுக்கே புகுந்துவிட்டதாக நினைத்த ஃபோர்மேன் அதட்டினார். "சார், பின்னாடி போய் வரிசையில நில்லுங்க. இவங்க எல்லாம் காலையிலேர்ந்து நிக்கறாங்க."

மேலாளர் நகரவில்லை. நின்ற வண்டிகள் ஒன்றுவிடாமல், ஒவ்வொன்றின் பெட்ரோல் டேங்கிலும் அவருடைய கம்பெனியின் பெயர் இருந்தது.

பின்னாலேயே வந்து நின்ற முதலாளியம்மா சொன்னார்: "இந்த வருஷம் நாங்க புதுசா ஒரு வண்டிகூடச் செய்யலைங்க. நீங்க மூடினதைத்தான் திறந்து வச்சிருக்கோம்."