ஷிப்ட் முடிந்த கை

உழைப்பாளியின் கையில் ஒட்டியிருக்கும் மண் திருநீற்றைவிடப் புனிதமானது என்று ராஜ்மோகன் பிரகடனம் செய்கிறான். செய்துவிட்டு, எதிரே இருக்கும் தனக்கோடியின் தட்டிலிருந்து நாலு சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். மதியம் மூன்று மணி. விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பக்கத்து பாரில் தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் ஒழுகுகிறது. காலி பிளாஸ்டிக் டம்ளர்கள் ஃபேன் காற்றில் உருள்கின்றன. பீங்கான் கம்பெனி சட்டையும் முழங்கை வரை வெள்ளைத் தூசுமாக, ஷிப்ட் முடிந்து வந்தவனின் களைப்போடு அவன் சாய்ந்திருக்கிறான். அவனை வேலையைவிட்டு நிறுத்தி இருபது நாளாகிறது. மனைவி பானுமதிக்கு இன்னும் தெரியாது. வேறொரு கம்பெனியில் களிமண் பிசையும் தனக்கோடிக்குத் தெரிந்தால், ஒரே தெரு, விளக்கு வைப்பதற்குள் அவளுக்கும் தெரிந்துவிடும்.

"முழு குவாட்டருக்குக் கொறஞ்சி தொட மாட்டியே மாமா, இன்னிக்கு இன்னா எங்கூட கட்டிங்கு?"

"டாக்டரு கொறச்சுக்கச் சொன்னாருடா."

தனக்கோடி ஒரே குவாட்டர் பிராந்தியை இரண்டு டம்ளரிலும் மட்டம் பார்த்துப் பாதிப் பாதியாக ஊற்றுகிறான். தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடிக்க, அது பீய்ச்சி ராஜ்மோகனின் கையில் விழுகிறது. இருவரும் அந்தக் கையையே பார்க்கிறார்கள். மண்ணென்றால் இந்நேரம் குழைந்திருக்க வேண்டும். துளிகள் முத்து முத்தாக நிற்கின்றன. தனக்கோடி குனிந்து மோந்து பார்க்கிறான்.

"இன்னா மாமா, உங்க கம்பெனி மண்ணு மட்டும் மணக்குது?"

ராஜ்மோகன் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்கிறான். அது மகளின் சந்தன பவுடர்.