இரையுதா பாரு

சமையலறை ஜன்னலின் கொசுவலை வழியாக விடிகாலை வெளிச்சம் சலித்துச் சலித்து விழுகிறது. காளிதாசன் இடது கையை அதில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக மணிக்கட்டில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தையலுக்கு மேலே ஓடும் நரம்பு வேர் மாதிரி புடைத்து நிற்கிறது. "தொட்டா வண்டு மாதிரி இரையணும் அங்கிள், நின்னுட்டா உடனே ஓடி வந்துடுங்க" என்று பீடோங் டயாலிசிஸ் சென்டரில் ஊசி ஏற்றும் மிஸ்ஸி சொல்லியிருக்கிறாள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிச் சீவிக் காய்த்துப்போன அவர் விரல்களுக்கு எதுவும் தட்டுப்படுவதில்லை. காதும் மந்தம். மனைவி வாசுகிதான் தினமும் தொட்டுப் பார்த்துச் சொல்கிறாள். அவருக்குத் தலை சுற்றுகிற நாளிலும் அதே 'நல்லா இரையுது'தான், குரல்கூட மாறுவதில்லை. அதுதான் உறுத்துகிறது. அடுப்பில் நெத்திலி பொரிகிறது. சத்தமில்லாமல் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று கையை நீட்டுகிறார். "வாசு, இரையுதா பாரு." அவள் திரும்பவில்லை. கரண்டியை விடாமல் மற்றக் கையைப் பின்னால் நீட்டி, அவர் மணிக்கட்டை மெல்லப் பிடித்து, ஒரு கணம் அப்படியே நிற்கிறாள். "நல்லா இரையுதுலா. சும்மா பயந்துகிட்டு இருக்காதீங்க." எண்ணெய் சடசடக்கிறது. அவள் பிடித்திருப்பது அவருடைய வலது கை.